தாலிக்குப் பக்கத்து வளையம்

அன்புள்ள ராஜகுமாரிக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் விட்டதா? சோலூரில் உறைபனி என்று இங்கே என்னோடு வேலை செய்யும் ரிஜோ சொன்னான். லீவில் கிளம்பும் அவனிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சின்னத் தீவில் இப்போது விருந்தாளி அறை, சாப்பாடு, நகைப் பட்டறை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து மோதிரம் பற்றவைத்துப் பழகுகிறார்கள். நேற்று ஒரு வெள்ளைக்கார அம்மாள், என் மனைவிக்கு என்ன செய்து கொடுத்தேன் என்று கேட்டாள். நீ அனுப்பிய கல்யாண வீட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பெருமையாகக் காட்டினேன். அப்போதுதான் பார்த்தேன். உன் சங்கிலியில் தாலிக்குப் பக்கத்து வளையம் நான் பற்றவைத்தது இல்லை.

பற்றவைக்கும் பொடி மிஞ்சி, இணைப்பில் மச்சம் மாதிரி நிற்கிறது. அது ரமேஷ் கை. ஊரில் ஒரே பட்டறையில் என் எதிரே உட்கார்ந்தவன், எனக்குத் தெரியாதா? "ஏனுங்க, கழட்டிக் குடுங்க, ஒரு நிமிசந்தானுங்க" என்று இளித்திருப்பான். நீயும் மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவன் எதிரே காத்திருந்திருப்பாய். அறுந்ததை ஏன் சொல்லவில்லை? சும்மாதான் கேட்கிறேன், கோபமெல்லாம் இல்லை.

ரிஜோ திரும்பும்போது டீத்தூளும் என் ஊதுகுழலும் கொடுத்தனுப்பு. குழலை ரமேஷுக்கு இரவல் தந்திருந்தால் இன்றைக்கே வாங்கிவிடு.

படகுக்காரன் ரிஜோவைக் கூப்பிடுகிறான். வந்ததும் அந்த வளையத்தை வெட்டிவிட்டு வேறு வைக்கிறேன். அதுவரை சங்கிலியைச் சேலைக்குள்ளேயே விட்டுக்கொள்.

உன்
அழகர்சாமி