ஏழு விரல்

அன்புள்ள சகலைக்கு,

நலம். அக்காவும் நீங்களும் நலந்தானே?

கூடத்தில் நான் மாட்டியிருந்த படத்தை உங்கள் மச்சினி நேற்றுக் காலை கழற்றிவிட்டு, நீங்கள் எடுத்த படத்தை மாட்டிவிட்டாள். ஆணி நான் அடித்தது.

இரண்டும் ஒரே நாளில், ஒரே பத்து நிமிடத்தில் எடுத்தவை. இருட்டான அறையில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள்; பின்னால் திறந்த கதவு, தெருவில் உச்சி வெயில். முகத்துக்கு வெளிச்சம் வைத்து எடுத்தால் தெரு வெள்ளைத்தாள். தெருவுக்கு வைத்தால் முகம் கரி. டிஜிட்டல் கேமரா விற்கிறவன் சும்மா விடுவேனா? ஸ்டாண்டில் வைத்து, வெளிச்சத்தைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவாக ஒன்று எடுத்து, மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கினேன். எதிர்க்கடை போர்டின் எழுத்துகூடத் தெரிந்தது. நான் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டிருந்தபோது நீங்கள் அவளிடம் ஏதோ சொன்னீர்கள். உங்கள் பழைய ஃபிலிம் கேமராவில் ஒரே க்ளிக். டீ குடிக்கப் போய்விட்டீர்கள்.

ஆறு மாதம் என் படம்தான் தொங்கியது. போன வாரம் உங்கள் பிரிண்ட் தபாலில் வந்தது, வந்தது வினை. "உங்க படத்துல எனக்கு ஏழு விரலுங்க, எண்ணிப் பாருங்க" என்றாள். எண்ணினேன். ஏழுதான். மூன்று க்ளிக்குக்கும் நடுவே துணியைத் தள்ளியிருக்கிறாள். அசையாதே என்று கத்தினேனே! அதனால்தானோ என்னவோ, முகமும் கடனே என்று இருக்கிறது. உங்கள் படத்தில் சிரிக்கிறாள்.

மறைப்பானேன், வயிறு எரிந்தது. கடைக்கு விற்க வந்த ஒரு ஃபிலிம் கேமராவை எடுத்துப்போய், அதே இடத்தில் உட்கார வைத்து ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். முப்பத்தாறிலும் தெரு பிரமாதம். அவளைத்தான் காணோம். ஃபிலிம் கழுவிக் கொடுத்தவர் சிரித்தார். "அண்ணே, வெயில் வெளுத்துடுமோன்னு டிஜிட்டல் பழக்கத்துல வெளிச்சத்தைக் குறைச்சுட்டீங்க. ஃபிலிம் வெயிலைத் தாங்கிக்கும். இருட்டுல இருக்கிறவங்க முகத்துக்குத்தான் வெளிச்சத்தை அளந்து வைக்கணும்" என்றார். அவள் படங்களைப் புரட்டிவிட்டு, "எதிர்க்கடைக்காரருக்குக் குடுங்க, சந்தோஷப்படுவாரு" என்று மெஷினுக்குப் போய்விட்டாள்.

இனி வியாபாரம். என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் நீங்கள் கண் வைத்திருந்த டிஜிட்டல் கேமரா இந்தப் பார்சலில் இருக்கிறது. இதில் உங்கள் ஃபிலிம் வழக்கப்படி இருட்டுக்கு வெளிச்சத்தை அளந்துவிடாதீர்கள். வெளுத்த வெயில் திரும்ப வராது. இதைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

நீங்களும் அக்காவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

போனில் பேசி முடித்தது இதுதான்: என் பக்கம் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், இரண்டு பேட்டரி. உங்கள் பக்கம் அவள் சிரிக்கிற அந்தப் படத்தின் நெகட்டிவ். இப்போது நானாகச் சேர்ப்பது ஒன்று: அன்று அவளிடம் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி அதோடு வையுங்கள். கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் சகலை