அம்மாவை அப்பாவின் மகளாக்கிய திருத்தம்

அன்பு அண்ணை,

இதை அங்கே ஒருவருக்கும் காட்டிவிடாதீர்கள். நான் எவ்வளவு பயந்துபோயிருக்கிறேன் என்பது நம் இருவரோடும் இருக்கட்டும்.

உங்கள் குளிர் ஜாக்கெட்டை இப்போது நான்தான் போடுகிறேன். அதன் கை எனக்கு நீளம்; மெட்ரோவில் கம்பியைப் பிடித்தால்தான் என் விரல்கள் வெளியே தெரியும்.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது நமது பங்குக் கோயிலுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த கணினி நிரலையும் நான்தான் பார்க்கிறேன். பங்குக் குடும்பங்களின் பெயர், விலாசப் பட்டியலை அது தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றும். பிரெஞ்சில் விலாசம் திருத்தினால் தமிழிலும் திருத்தும். போய்த் திரும்பினால் ஒன்றும் தொலையாது என்ற வாக்கை நிரலுக்குள்ளேயே ஒரு விதியாக எழுதி வைத்தீர்கள். சார்பு வகை என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். வாக்குக்கு நிரூபணம் இல்லாவிட்டால் கணினி நிரலை ஏற்காது.

பங்குச் சபைத் தலைவர் அந்தோனி அங்கிள் போன கிழமை ஒரு மாற்றம் கேட்டார். "கலியாணம் கட்டின பொம்பிளையளுக்குப் பிரெஞ்சில தகப்பன்ர பேர் ஏன்? ஊர் வழக்கப்படி புருஷன்ர பேரைப் போடு, பிள்ளை."

போட்டேன். நிரூபணச் சோதனையில் தேறவில்லை என்று கணினி மறுத்துவிட்டது. அங்கிளிடம் சொன்னேன்.

"மெஷின் உனக்குச் சொல்லுறதோ, நீ மெஷினுக்குச் சொல்லுறதோ? அந்தச் சோதனையைக் கழட்டு. ஞாயிறு பூசைக்கு முதல் எனக்கு வேணும்."

கழற்றுவதற்கு முன் அம்மாவின் பெயரைப் பிரெஞ்சுக்கும் திரும்பத் தமிழுக்கும் கையால் மாற்றி எழுதிப் பார்த்தேன். அப்பாவின் பெயரோடு பிரெஞ்சுக்குப் போனார். திரும்பி வந்தபோது தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா அப்பாவுக்கு மகள், எனக்கு அக்கா. உங்களை அடக்கம் செய்த பிறகு அன்றைக்குத்தான் சத்தமாகச் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. சோதனையைக் கழற்றியிருந்தால், யாரோ ஒருவர் பிரெஞ்சில் விலாசம் திருத்த, முழுப் பட்டியலும் தமிழுக்குத் திரும்பும்போது பங்கிலுள்ள மனைவிமாரின் தகப்பன்மார் எல்லோரும் அழிந்திருப்பார்கள்.

நன்றி, அண்ணை. எனக்குப் பிழை என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். நீங்கள் எழுதிய நிரல் சொன்னது. கோபிக்காமல், எந்த வரியில் என்றும் காட்டிச் சொன்னது. பின்னால் வருபவருக்காக அப்படி எழுதினீர்களா? அல்லது உங்களுக்கும் பயம் இருந்ததா?

திரும்பி வரும்போது பழைய தமிழ் வரியையும் பார்த்து எழுதும்படி மாற்றியிருக்கிறேன். நிரூபணத்தில் இன்னும் ஓர் இடம் வெறுமையாக இருக்கிறது. ஞாயிறுக்குள் முடியாது. ஆனால் நிரப்புவேன். அதுவரை சோதனையில் கை வைக்க மாட்டேன், சத்தியமாக.

கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. அம்மா.

"பிள்ளை, அந்தோனி அங்கிள் போனில நிக்கிறார். கழட்டியாச்சோ எண்டு கேக்கிறார்."

இல்லை என்று சொல்லப் போகிறேன், அண்ணை.

உங்கள் தங்கச்சி