மலையுச்சியில் விட்ட வெள்ளை

ஐப்பசி, செவ்வாய் இரவு

அடி அண்ணாமலை மடத்துச் சுவரோவியத்தில் கரி நீக்கி முடித்தேன். மலை முழுதாகத் தெரிந்தது. உச்சியில் மட்டும் வெற்றுச் சுண்ணாம்பு. வண்ணம் உதிர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

"தீபமில்லாத மலையா மேடம்? ஜனங்க சிரிப்பாங்க. நாளைக்கு ஆரஞ்சு கலர் குடுத்துடுங்க" என்றார் நிர்வாகி. அரைமனதாகத் தலையாட்டினேன்.

கிளம்பும்போது மின்விளக்குகளை அணைத்தேன். வேலைக்காக இத்தனை நாள் ஏற்றாமலிருந்த, ஓவியத்துக்கு எதிரே உள்ள மாட விளக்கை அவர் ஏற்றினார். சுவரெல்லாம் இருட்டு, அந்த வெள்ளை மட்டும் அசைந்து எரிந்தது. தடவிப் பார்த்தேன். அங்கே மட்டும் சுண்ணாம்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருக்கிறார்கள். எதுவும் உதிரவில்லை. வரைந்தவன் சுடரை விளக்கிடமே விட்டிருக்கிறான்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குப் பக்தி கிடையாது. ஆனாலும் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்தேன்.

"கலர் வேணாங்க மேடம்" என்றார் மெதுவாக.

அவர் விளக்கேற்றாவிட்டால் நாளை அதன்மேல் ஆரஞ்சு பூசியிருப்பேன்.