புர்கியின் முந்நூறு மீட்டர்

ஆகன் ஏரிக்கரை, டிரோல்
அக்டோபர் 26, திங்கள்

அன்புள்ள தம்பி ரோமெட்டுக்கு,

அண்ணன் கசியான் எழுதுவது. நான் சுகம். படியிறங்கும்போது இடது முழங்கால் மட்டும் முனகுகிறது. நார்வேயில் இந்நேரம் மண் இறுகத் தொடங்கியிருக்கும், உன் மண்வெட்டிக்கும் உனக்கும் சண்டை ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். கையுறையை மட்டமாக வாங்காதே. இன்று தேசிய விடுமுறை, கடை மூடியிருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. போனில் பேசலாமே என்பாய். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்தாலும் மறுபடி பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல செய்தி. போன வருடம் நீ மலையில் வெட்டிய சைக்கிள் தடம் இந்தக் கோடையில் சக்கைப்போடு போட்டது. கடையின் நாற்பது சைக்கிளும் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மலைக்குப் போய்விடும். ஆகஸ்டில் பிரேக் பேட் தீர்ந்து இரண்டு முறை இன்ஸ்புரூக்குக்கு ஓடினேன். மூனிக்கிலிருந்து வருகிறவர்கள் சேறு தெறித்த முகத்தோடு ஏரிக்கரையில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் கேட்பது ஒன்றே ஒன்று: "அந்த பீச் மரக் காட்டுக்குள்ள மூணு வளைவு வருதே, அத யாருங்க போட்டது?" உட்கார்ந்திருப்பது என் சைக்கிளில், தலையில் இருப்பது என் ஹெல்மெட், தெரிய வேண்டியது உன் பெயர். ஒரு டச்சுக்காரி உன் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். கல்லாவுக்கு மேலேதான் மாட்டியிருக்கிறேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை.

மறைப்பானேன், எனக்கு வயிறு எரிந்தது. பதினாறு வயதில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுத் தொழில் தொடங்கியவன் நான். கார் கொட்டகையில் இரண்டு ஓட்டைச் சைக்கிளை நிறுத்தி வாடகைக்கு விட்டவன். படகு பார்க்க வந்த கூட்டத்தை மலை ஏற வைத்தவன். நீ வருடத்துக்கு ஒரு நாட்டில் மண் வெட்டுகிறாய், ஒரே ஒரு கோடை இங்கே தங்கினாய், ஊர் உன் பெயரைச் சொல்கிறது. சரி, அது போகட்டும்.

இனி கெட்ட செய்தி. மேலே மாடு வளர்க்கும் புர்கி கொடுத்த அனுமதி நவம்பர் பதினொன்று, மார்ட்டின் திருநாளோடு முடிகிறது. அவள் புல்வெளியில் ஓடும் அந்த முந்நூறு மீட்டர் போய்விட்டால் உன் தடம் மலை நடுவில் ஒரு வேலியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் ஓடைப் பள்ளம், மறுபக்கம் பாறை. சைக்கிளைத் தோளில் சுமந்து திரும்பி ஏறுவதற்கு எவனும் மூனிக்கிலிருந்து வரமாட்டான். அடுத்த வருட வரைபடத்தைச் சுற்றுலாச் சங்கத்தார் டிசம்பரில் அச்சுக்குக் கொடுக்கிறார்கள். அதில் இந்தத் தடம் இல்லையென்றால், ஏரியைச் சுற்றி மெதுவாக உருட்டும் கிழவர்களுக்கு சைக்கிள் விடுகிற கடையாக என் கடை மறுபடி ஆகிவிடும்.

செப்டம்பர் கடைசியில் அனுமதியைப் புதுப்பிக்கத் தாள், பேனா, ஒரு புட்டி ஒயின் எல்லாம் எடுத்துக்கொண்டு மேலே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "ரோமெட் வரட்டும், நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்றாள். நான் அவனுக்கு மூத்தவன், கடை என்னுடையது, பேச வேண்டியவனும் நான்தான் என்றேன். "அண்ணன்னு தெரியும் கசியான். அதனாலதான் இன்னும் நாயை அவுத்து விடல" என்றாள்.

கீழே வருவதற்குள் ஊர்சலின் விடுதிக்கு விஷயம் போய்விட்டது. எந்த வழியாகப் போகிறதோ தெரியாது. பீரை என் முன்னால் வைத்துக்கொண்டே ஊர்சல் சொன்னாள்: "என்னப்பா, எட்டு வருஷம் ஏறி இறங்கி உனக்கு பூட்ஸ் தேஞ்சதுதான் மிச்சம். உன் தம்பி மூணே நாள்ல கையெழுத்து வாங்கிட்டான். கையெழுத்தோட நின்னுச்சோ, என்னமோ!" மேசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கடை வைத்திருப்பவனுக்கு அது கைவந்த வேலை.

எட்டு வருடம் என்பது பொய்யில்லை. மீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை சொன்னேன். புது வேலி போட்டுத் தருகிறேன் என்றேன். அவளுடைய பதில் மாறவே இல்லை: "உன் விலை நல்லாத்தான் இருக்கு கசியான். என் புல்லு விக்கிறதுக்கு இல்ல." நீ வந்தாய், மூன்றாம் நாள் மாலை மடித்த தாளோடு இறங்கி வந்தாய். எப்படியடா என்று கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ணலண்ணே, கூட நின்னு புல்லறுத்தேன்" என்றாய். நான் நம்பவில்லை. வெளியின் நடுவில் போகாமல் வாய்க்கால் ஓரமாகத் தடத்தை இறக்கிவிடலாம், அறுப்புக்கு இடைஞ்சல் இருக்காது என்று நீ அவளிடம் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எட்டு வருடம் மீட்டர் அளந்தேனே தவிர, அவள் எங்கிருந்து எதுவரை அறுக்கிறாள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. நாலாவது வருடம் நான் அவளிடம் போனது தடத்துக்காக அல்ல. அவள் புருஷன் மரம் விழுந்து செத்து அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். வீடு இருக்கிறது, கடை இருக்கிறது, கடன் கிடையாது, குடி அளவோடுதான் என்று வரிசையாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "இது நீ என்னக் கேக்குறியா, இல்ல உன்ன விக்கிறியா?" நல்ல சட்டையோடு அப்படியே இறங்கி வந்தேன். அதற்குப் பிறகும் நாலு வருடம் ஏறினேன். தடம் ஒரு சாக்கு.

இந்த வசந்தத்தில் வேலி பார்க்கப் போனபோது, அவள் சமையலறைச் சுவரில் சிலுவைக்குப் பக்கத்தில் நீ நார்வேயிலிருந்து போட்ட அஞ்சலட்டை. இங்கே புல் கணுக்கால் உயரம்தான், உன் அரிவாளைப் பார்த்தால் சிரிக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதை எனக்குப் படித்துக் காட்டி அவள் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது ரோமெட்? எட்டு வருடத்தில் என் முன்னால் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். ஜூன் நடுவில் தங்கை மகள் கல்யாணத்துக்காக அவள் ஸில்லர் பள்ளத்தாக்குக்கு மூன்று நாள் போயிருந்தாள். புல்லறுத்துத்தானே தம்பி பேர் வாங்கினான், நானும் அறுத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். சரிவில் ஓடுகிற அறுப்பு இயந்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன், கூலிக்கு இரண்டு ஆள். ஒரே நாளில் அவள் புல்வெளியை மேட்டிலிருந்து வாய்க்கால் வரை வழித்துவிட்டோம். வேலியில் சாய்ந்து நின்று பெருமையாகப் பார்த்தேன்.

மேட்டுப் புல் ஜூலை கடைசி வரை நிற்க வேண்டும், பூ காய்ந்து விதை உதிர்ந்த பிறகுதான் அதில் அரிவாள் படலாம் என்பது இங்கே பள்ளிக்குப் போகிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? உன்னை முந்துகிற அவசரத்தில் அது ஜூன் மாதம் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

அவள் ஊர் திரும்பும் நாள் பார்த்து அங்கேயே காத்திருந்தேன், பாராட்டு வாங்க. பையைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள், கையை விரித்துக் கீழே விட்டாள். "யாருக்காக அறுத்த?" என்றாள். உனக்காகத்தான் என்றேன். "இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். விதை விழவில்லை. அடுத்த வருடம் அங்கே என்ன முளைக்கும் என்று அவளுக்கே தெரியாதாம். பிஞ்சில் அறுத்த புல் போதாமல், இந்தக் குளிர்காலத்துக்கு ஒன்பது மாடுகளுக்கும் பள்ளத்தாக்குப் புல்லை வாங்கித்தான் போட வேண்டும். ஒரு வண்டி உலர்புல் அனுப்பினேன். இறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். தப்பு செய்துவிட்டேன் புர்கி என்று ஒரு வார்த்தை மட்டும் இன்று வரை சொல்லவில்லை. செப்டம்பரில் ஏன் வாசலில் நிறுத்தினாள் என்று இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

ஆகையால் நீ வர வேண்டும். நீ கேட்டால் அவள் கையெழுத்துப் போடுவாள், அது எனக்குத் தெரியும், அதுதான் எனக்கு எரிச்சலும். நவம்பர் ஆறாம் தேதி வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன். யென்பாக் ஸ்டேஷனில் வண்டியோடு நிற்பேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதாவது இருந்தால் நேரில் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. கொஞ்ச நேரம் கத்துவேன், பிறகு சாப்பிட உட்காருவோம். ஒன்றும் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடு. ஊர்சல் விடுதிக்காரர்கள் வாயிலிருந்து எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனைப் பார்க்கும் ஆசையில் சீக்கிரமாகக் கிளம்பி வியாழக்கிழமையே வந்து நிற்காதே. வியாழக்கிழமை நான் மேலே போகிறேன். தாள் கொண்டுபோகவில்லை, புட்டி கொண்டுபோகவில்லை, தடத்தைப் பற்றி வாயைத் திறக்கப் போவதுமில்லை. ஜூன் மாதத்தைப் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். நாயை அவிழ்த்து விட்டால் விடட்டும். மறுநாள் உன்னை நானே அந்த வேலி வரை கொண்டுவந்து விடுகிறேன், அதற்கு மேல் உன் பாடு, அவள் பாடு.

எனக்கு ஆறு வருடம் பின்னால் பிறந்தவன் நீ. எங்கே போனாலும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறாய். அந்த ஒரு நாளை மட்டும் எனக்கு விட்டுக்கொடு. பனி இறங்குவதற்குள் கை கால் பத்திரமாக வீடு வந்து சேர், தம்பி.

என்றும் உன் அண்ணன்,
கசியான்