பதிலுக்காக நீ விட்ட இடைவெளி

இன்று மறுபடியும் மொழிக்கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஹெட்ஃபோனை எடுத்ததுமே அந்த வாடை. இற்றுப்போன ஸ்பாஞ்சும் யார் யார் தலையிலோ இருந்த எண்ணெயும் சேர்ந்து ஏஸி குளிரில் ஊறிய வாடை. உனக்கு அது ஆகவே ஆகாது. துப்பட்டா நுனியால் நன்றாகத் துடைத்து, மோந்து பார்த்து, "சீ" என்று முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் மாட்டுவாய். நான் துடைக்கவில்லை. அப்படியே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு இந்தப் பக்கமே வரக்கூடாது என்றுதான் இருந்தேன். நாம் சேர்ந்து படித்த இடைநிலை இத்தாலியன் வகுப்பை, பரீட்சை எழுதாமலேயே விட்டுவிட்டேன். ஆபீஸில் மிலான் வாடிக்கையாளர்களோடு பேச ஆள் வேண்டுமென்று மேனேஜர் நச்சரித்ததால், ஒரு வருடம் கழித்து அதே வகுப்பில் மறுபடி சேர்ந்தேன். அதே சனிக்கிழமை காலை, அதே அறை. ஹெப்பகோடியிலிருந்து இரண்டு பஸ் மாறி நான் வருவதற்குள் பீன்யா ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் முடித்து நீ முன்னதாக வந்து எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாய். இப்போது அந்த நாற்காலியில் ஒரு வங்கிக்காரர் உட்காருகிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம்.

ஆரம்ப வகுப்பில் காபி கேட்கவும் வழி கேட்கவும் படித்துவிட்டோம். இடைநிலையில் ஆசை, பயம், சந்தேகம் என்று ஒவ்வொன்றுக்கும் வினைச்சொல் வேறு மாதிரி வளைந்தது. "பயப்படுறதுக்குக்கூட கிராமர் பார்க்கணுமாடி? பயம் வந்தா கத்துவோமா, புக்கைத் திறப்போமா?" என்று நீ கேட்டது பின் பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஃபேக்டரியில் மெஷின் பொருத்த வந்த இத்தாலிக்காரர்கள் உன்னை வைத்துக்கொண்டே உன்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தார்களாம். அது என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் வகுப்பில் சேர்ந்தாய். அடுத்த தடவை அவர்கள் வந்தபோது காது கொடுத்துக் கேட்டால், உன் டிபன் பாக்ஸில் இருந்த மீன் குழம்பைப் பற்றித்தான் அத்தனை பேச்சும் என்று தெரிந்தது. அன்று நீ சிரித்த சிரிப்பில் கேன்டீன்காரர் எட்டிப் பார்த்தார்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கேள்விக்கும் பதிலை முதலில் தமிழில், வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாய். அப்புறம்தான் இத்தாலியன் வரும். பக்கத்தில் இருக்கும் எனக்கு இரண்டும் கேட்கும். டீச்சருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். பல வருஷம் இத்தாலியில் இருந்துவிட்டு வந்த மங்களூர்க்கார அம்மா அவர். "உங்கள் உதடு முதலில் எந்த ஊருக்குப் போய்விட்டு வருகிறது?" என்று கேட்பார். "கன்டோன்மென்ட் வரைக்கும்தான் மேடம்" என்பாய். உன் வீடு அங்கே தேவாலயத்துக்குப் பின்னால்தானே இருந்தது.

டீச்சருக்கும் ஒரு பழக்கம் உண்டு. வகுப்பு முடியும் சமயத்தில் ஒவ்வொருவரும் ஒரு போன் பேச்சின் பாதியை மட்டும் பதிவு செய்து கொடுக்க வேண்டும். கேள்விகள் நம்முடையவை. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும், பதில் சொல்லும் அளவுக்குச் சும்மா இடைவெளி விட வேண்டும். அடுத்த வருஷத்து மாணவர்கள் அந்த இடைவெளிகளில் பதில் சொல்லிப் பழகுவார்கள். அவர்கள் பதிவு வந்ததும் நம்முடையதை அழித்துவிடுவார்கள். உனக்கு வந்தது, விருந்துக்கு வராத தோழிக்குப் பதறிப்போய் போன் செய்யும் பேச்சு. பதிவு அறைக்குள் நானும் வந்தேன். "நீ இருந்தா எனக்குச் சிரிப்பு வரும் தர்மபுரி. வெளிய நில்லு" என்று என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினாய். என் ஊர்ப் பெயரைத்தான் எனக்குப் பெயராக வைத்திருந்தாய்.

அதற்கு அடுத்த வாரம் காய்ச்சல் என்றாய். டெங்கு என்றார்கள். பிளேட்லெட் ஏறுகிறது, இறங்குகிறது என்று உன் அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலையில் ஒன்றும் சொல்லாமல் அழுதார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டார். "ப்ரோன்தோ?" என்றாய் நீ. இத்தாலிக்காரர்களின் ஹலோ அது. "தோவே ஸேய்?" என்றாய். எங்கே இருக்கிறாய்? வகுப்பு மொத்தமும் உற்சாகமாக உனக்குப் பதில் சொன்னது. சில்க் போர்டு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்றாள் ஒருத்தி. வந்துகொண்டே இருக்கிறேன், ஐந்து நிமிஷம் என்றார் வங்கிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நீ அவர்களுக்காகக் காத்திருந்து, அடுத்த கேள்வியைக் கேட்டாய். பதில் சொல்லாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, "எனக்கும் இதைப் போடுவதா வேண்டாமா என்றிருந்தது. எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்க அனுமதி வாங்கிக்கொண்டேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் சத்தம். அப்படிப்பட்ட நேரத்தில் யாரும் பயப்படமாட்டார்கள்.

சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாய். இடைவெளி வந்தது. அதற்குள்ளிருந்து யாரோ என் காதோரம், "இங்கதான்டி. பக்கத்துலதான்" என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். காலி நாற்காலிகள். ஹெட்ஃபோனைக் கழற்றினேன், ஏஸி சத்தம் மட்டும்தான். மறுபடி மாட்டினேன். நீதான். ஸ்பீக்கரில் எட்டாத அளவுக்கு மெல்லிய உன் முணுமுணுப்பு. எவ்வளவு இடைவெளி விட வேண்டுமென்று தெரிய, நீயே பதிலைத் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறாய். அவ்வளவுதான் விஷயம். அது உடனே புரிந்தும் விட்டது. புரிந்த பிறகும் மேஜைக்கடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

யாரோடு இருக்கிறாய் என்று இத்தாலியனில் கேட்டாய். "தனியாத்தான். தர்மபுரி வெளியில நிக்கிறா" என்று தமிழில் சொன்னாய். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறதே என்றாய், நீ திட்டித் தீர்த்த அந்த இலக்கணத்தில், ஒரு பிழையும் இல்லாமல். "ஒண்ணும் ஆகல. கொஞ்சம் குளிருது." உன் அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்றாய். "சாப்பிட்டுப் படுக்கச் சொல்லு. எனக்கு எடுத்து வெக்கச் சொல்லு." அந்த அறையில் ஏஸி அதிகம்தான். நான் வெளியில்தான் நின்றேன். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

கடைசிக் கேள்வி, எப்போது திரும்பி வருவாய். அதற்கு நீ எதுவும் முணுமுணுக்கவில்லை. நீளமான இடைவெளி. உள்ளே ஒரு மூச்சு மட்டும். பிறகு, டக்கென்று பதிவு நின்றுவிடுகிறது.

அதற்கப்புறம் எனக்கு ஒரே யோசனைதான். இதை உன் அம்மாவிடம் கொண்டுபோவதா, வேண்டாமா? உன் போனைக் கம்பெனிக்காரர்கள் திரும்ப வாங்கிக்கொண்டதில் அதிலிருந்ததெல்லாம் போய்விட்டது. உன் குரல் என்று அவர்களிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் கொடுத்தால் தாங்குவார்களா? டீச்சரிடம் சொல்லி ஒரு நகலை என் போனில் வாங்கிக்கொண்டு, உன் அண்ணனிடம் கேட்டேன். "இதெல்லாம் பேடம்மா, வேணாம்" என்றார். "மம்மி இப்பதான் ஏதோ ரெண்டு வாய் சாப்பிடறாங்க. திரும்ப ஆரம்பத்துலர்ந்து ஆரம்பிக்க என்னால ஆகாது." அவர் சொல்வதும் நியாயம்தான். நகல் என் போனிலேயே கிடந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. நானும் பூ வாங்கிக்கொண்டு வந்தேன். உன் கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்தில் கவனிக்க ஆள் இல்லாத ஒரு கல்லறைக்கும் உன் அம்மா ஒன்று ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது, எதையோ தேடுகிற மாதிரி சொன்னார்கள். "அவ மூஞ்சி நல்லா ஞாபகம் இருக்குமா. குரல்தான் வரமாட்டேங்குது. நெனச்சுப் பாத்தா எங்க தங்கச்சி குரல்தான் வருது."

உன் அண்ணனைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இயர்ஃபோனை உன் அம்மா காதில் நான்தான் வைத்தேன். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நீ எந்தக் கேள்வியில் இருக்கிறாய் என்று தெரிந்தது. முதல் "ப்ரோன்தோ"வுக்கே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொழி புரியாமல் என்னைப் பார்த்தார்கள். பதிவின் ஒவ்வொரு கேள்வியும் எனக்கு மனப்பாடம். அதனால் நான் தமிழில் சொன்னேன். "எங்க இருக்கேன்னு கேக்கறா ஆன்ட்டி." அவர்கள் தலையாட்டினார்கள். "யார்கூட இருக்கேன்னு கேக்கறா." தலையாட்டினார்கள். கேள்வி என் வாயிலிருந்து போனது. பதில் மட்டும் நேராக அவர்கள் காதுக்குப் போனது. அந்த ஹாலில் நாம் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் தள்ளி நின்று, சுவரில் இருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்னு கேக்கறா" என்றபோது அவர்கள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. நான் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. தைரியம் வந்து, கடைசிக் கேள்வியையும் சொன்னேன்.

"எப்ப திரும்பி வருவேன்னு கேக்கறா ஆன்ட்டி."

அதில் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, உன்னிப்பாகக் கேட்டார்கள். பிறகு, "சரி பாப்பா" என்றார்கள்.

இயர்ஃபோனைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள்.

"கடைசியில ஏதாவது சொன்னாளா ஆன்ட்டி?"

"சொன்னாளே."

"என்ன சொன்னா?"

"உனக்குக் கேக்கலயாமா?" என்றார்கள். உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார்கள். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார்கள். அரிசி டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

போன வாரம் உன் அண்ணன் போன் செய்தார். "மம்மி நல்லா இருக்காங்க. நல்லா சாப்பிடறாங்க, தூங்கறாங்க. பக்கத்து வீட்ல போய்ச் சிரிச்சுப் பேசறாங்க." குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா டெய்லி ஒரு தட்டு எடுத்து மூடி வெக்கறாங்கம்மா. கேட்டைப் பூட்ட விடமாட்டேங்கறாங்க. எப்ப வராளாம்னு கேட்டா, 'அவ சொன்னது என்கிட்ட, உனக்கெதுக்குடா'ன்றாங்க. நீ அன்னிக்கு என்னத்தைக் கேக்க வெச்ச?"

ஒன்றுமில்லை அண்ணா, வெறும் இடைவெளிதான் என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. நானே நம்பினேனா என்பதும் தெரியாது. செய்தது சரியா தப்பா என்று உன்னிடம் கேட்டால், "சும்னிரு தர்மபுரி, பேசாம இரு. மம்மி சாப்பிடறாங்க இல்ல?" என்பாய். அப்படித்தான் சொல்வாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மொழிக்கூடத்தில் இப்போது நீ இல்லை. எங்கள் பதிவுகளை ஏற்றிவிட்டு உங்களுடையதை அழித்துவிட்டார்கள். இனி நீ இருப்பது என் போனில் மட்டும். பஸ்ஸில் வரும்போது கடைசி இடைவெளியை மட்டும் போட்டுக்கொள்கிறேன். சத்தத்தை முழுக்கக் கூட்டி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, உன் அம்மா மாதிரியே கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக்கூடப் பார்த்துவிட்டேன். அந்த மூச்சுதான் வருகிறது. பேசப் போகிறவள் இழுக்கும் மூச்சு அது. அதற்கு மேல் நின்றுவிடுகிறது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், உன்னைப் பெற்றவள் மேலேயே எனக்குப் பொறாமையாக இருக்கிறது. உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் முணுமுணுப்பையெல்லாம் கேட்டவள் நான். நீ எப்போது வருகிறாய் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.