தொங்கல் காம்பரா

நோர்வூட்,
மாசி மாதம், 1951.

மரியாதைக்குரிய பவுலின் அக்காவுக்கு, கீழ் லயத்துச் சுகிர்தம் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். கொழும்பில் நீங்களும், நீங்கள் வேலை செய்யும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

அம்மாவைத் தூத்துக்குடிக்கு அனுப்பப் போகிறோம். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் இடுப்பைச் சரி செய்யலாம் என்று அங்கேயே இருக்கும் என் அண்ணன் கஸ்பர் எழுதியிருக்கிறான். மன்னார் வழியாகப் போனால் ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று ஏறி இறங்க வேண்டும். அதனால் கொழும்பிலிருந்து நேரே போகும் கப்பல்தான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டியதால் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. எனக்கும் அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. அம்மா தனியாகத்தான் போக வேண்டும்.

மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவால் நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வாள். மற்றதற்கெல்லாம் இதுவரை நான் இருந்தேன். வேற்று ஆண்கள் தூக்குவதற்குச் சம்மதிக்கவே மாட்டாள். "எவனாச்சும் என்னையத் தூக்குனா கடல்லயே குதிச்சிருவேன்" என்கிறாள். எழுத வெட்கமாக இருக்கிறது அக்கா. கப்பலில் கக்கூசுக்குப் போக அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

உங்கள் வீட்டு ஐயா கப்பல் கம்பெனியில் டிக்கெட் எழுதுகிறவர் அல்லவா? அவரிடம் சொல்லி அம்மாவுக்குத் தொங்கல் காம்பராவாக வாங்கித் தாருங்கள். லயத்து வரிசை வீடுகளில் அந்தக் கடைசிக் காம்பராவுக்காகத்தானே எல்லோரும் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவிடம் நடையாய் நடக்கிறார்கள். ஒரு பக்கம்தான் அடுத்த வீடு. மறுபக்கம் காற்று, வெளிச்சம், நாலு செடி வைக்க இடம். கப்பலில் செடி வைக்க முடியாது என்று தெரியும். காற்றாவது வரட்டும்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
சுகிர்தம்.


நோர்வூட்,
சித்திரை மாதம், 1951.

அன்புள்ள பவுலின் அக்காவுக்கு, சர்வேசுரனுக்குத் தோத்திரம். அம்மா நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணன் கடிதம் நேற்று வந்தது. அதை மறுபடியும் வாசிப்பதற்கு முன்னால் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொங்கல் வேண்டாம், நடுக் காம்பராவை எடுத்திருக்கிறேன் என்று நீங்கள் எழுதியபோது வீட்டில் பெரிய சத்தம். "நடுக் காம்பராவ யாரு கேட்டா? ரெண்டு பக்கமும் பொகை, ரெண்டு பக்கமும் சண்ட. தோட்டத்து ஆளுன்னா அதான் தள்ளிவிடுவானுங்க" என்று அப்பா கத்தினார். நான் அழுதேன். அம்மாதான் மீதிக் கடிதத்தையும் வாசிக்கச் சொன்னாள்.

கப்பலின் தொங்கல் இயந்திரத்துக்கு மேலே இருக்கிறது, அலைக்கு அதுதான் அதிகம் ஏறி இறங்கும், வாசற்கட்டை முழங்கால் உயரம், கக்கூசுக்குப் படி ஏற வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் கடலையே பார்த்ததில்லை. கப்பலும் ஒரு லயம் மாதிரி ஆடாமல் நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

நீங்கள் லீவு நாளில் கப்பலுக்கே போய், கோயிலுக்குக் கட்டும் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அம்மாவைப் போலவே கையை ஊன்றி நகர்ந்து பார்த்ததை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். உங்களைப் பார்த்து, இந்த நோனாவுக்குப் பைத்தியமா என்று கப்பல் ஆட்கள் சிரித்தார்களாமே. நடுக் காம்பராவில் கட்டை உயரம் இல்லை, எதிர் வாசலே கக்கூஸ், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இருக்கிறது, கட்டில்தான் உயரம், அதனால் மெத்தையைக் கீழே போடச் சொல்லிவிட்டேன் என்று முடித்திருந்தீர்கள்.

அதுவரைக்கும் போகிறேன் என்று அம்மா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை அக்கா. அன்றைக்குத்தான் சொன்னாள். "அந்தப் புள்ள ஒக்காந்து பாத்திருக்குடி. நீயும் ஒங்கப்பனும் நின்னுக்கிட்டே பேசுறீங்க. நான் போறேன்னு எழுதிப் போடு."

அப்பா முதுகில் சுமந்து கப்பலில் ஏற்றும்போது, அம்மாவின் கால் வெளியே தெரியாமல் நீங்கள் பின்னாலேயே சேலையைப் பிடித்துக்கொண்டு போனீர்களாம். அப்பா வந்து சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது ஒரு வேடிக்கை கேளுங்கள். அம்மாவோடு அந்தக் காம்பராவில் காயல்பட்டினத்து அம்மா ஒருவர் இருந்தாராம். கப்பல் ஆடத் தொடங்கியதும் அவருக்கு ஒரே வாந்தி. எழுந்தால் விழுகிறார், உட்கார்ந்தால் சாய்கிறார். நம் அம்மாதான் நகர்ந்து போய்ச் சட்டியைப் பிடித்து, தண்ணீர் கொடுத்து, தலையைத் தடவிவிட்டிருக்கிறாள். ஒங்களுக்கு மட்டும் ஒண்ணும் செய்யலையா என்று அவர் கேட்டதற்கு, "நான் தரையிலயே குடியிருக்கறவ. இதுக்குக் கீழ எங்க விழுறது?" என்றாளாம். கக்கூசுக்கும் தானே போய்வந்தாளாம். யாரையும் கூப்பிடவில்லை. இதை மட்டும் அம்மா அண்ணனிடம் மறுபடி மறுபடி சொல்லி எழுதச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் பழகுகிறேன். விரல் இன்னும் ஓடவில்லை. சாயந்திரம் வந்து, பழக்கத்தில், வீட்டுத் தரையைக் கூட்டித் துடைத்து மண்ணும் கல்லும் பொறுக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் கையில் குத்தும்.

அண்ணன் இன்னொன்றும் எழுதியிருக்கிறான். ஆஸ்பத்திரி முடிந்ததும் அம்மா அங்கேயே இருக்கட்டும், வெயில் ஊர், இடுப்புக்கு நல்லது, திரும்பி வரப் பத்திரமும் சுலபமாகக் கிடைக்காது என்று. அவன் சொல்வது சரிதான்.

நீங்கள் எங்களுக்குச் செய்ததை நான் எப்படித் திருப்பிச் செய்வேன் என்று தெரியவில்லை. அதற்குள் இன்னொன்று கேட்பது தப்புத்தான். போகிற கப்பலில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் இருந்தார்கள் என்று அப்பா சொன்னார். அங்கிருந்து வருகிற கப்பலிலும் ஆட்கள் வருகிறார்களா என்று ஐயாவிடம் கேட்டு எழுதுங்கள் அக்கா. அம்மாவுக்கு அதில் எந்தக் காம்பரா என்றாலும் சரி.

மாதாவிடம் தினமும் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லும்,
சுகிர்தம்.