பழைய கணினி திறக்காத ரத்தப் பட்டியல்

கிரிஜா,

வந்ததும் உன் போனைத் திற. சமையலறையில் சார்ஜில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குப் பாம்பே வகை என்ற அரிய ரத்தம், வேறு ரத்தம் ஏறாது. நம் ரத்ததான சங்கப் பட்டியலில் அந்த வகைக்காரர்கள் நான்கு பேர். ஒருவராவது உடனே போகவேண்டும்.

பட்டியலைக் கெடுத்தது நான். நேற்று நம் மகள் சஹனாவின் புது லேப்டாப்பில் திறந்தேன். "புதிய வடிவத்துக்கு மாற்றவா?" என்று கேட்டது. செயலாளர் அல்லவா, யோசிக்காமல் "ஆம்" என்று அழுத்தினேன். இப்போது ரத்த வங்கியின் பழைய கணினிக்கு அந்தக் கோப்பே புரியவில்லை. லேப்டாப்போ சஹனாவோடு பெங்களூர் பஸ்ஸுக்குப் போய்விட்டது. அவள் போனை எடுக்கவில்லை. பஸ் கிளம்புமுன் பிடிக்க தார்வாட் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிறேன்.

"ஏங்க, பேர், நம்பர் எழுதின அந்த நோட்டையாவது வச்சிருங்க" என்றாய். நான் காகிதமில்லா அலுவலகம் என்று மேடையில் முழங்கி, மைசூர் தலைப்பாகை மரியாதையும் வாங்கிக்கொண்டு, நோட்டைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டேன்.

யுகாதிக்கு யுகாதி நீ அந்த நான்கு பேருக்கும் போன் செய்வதை வெட்டிப்பேச்சு என்றேன். இன்று எண்கள் உன்னிடம் மட்டும்தான். உன் போனின் பூட்டு எண் என் பிறந்தநாள் இல்லை, கல்யாண நாளும் இல்லை. இரண்டையும் போட்டுப் பார்த்து வைத்துவிட்டேன்.

எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் காதில் வாங்கவில்லை.

உமேஷ்

ரொட்டி மூடி வைத்திருக்கிறேன். பேசிவிட்டுச் சாப்பிடு.

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். "செயலாளரே, விளக்கமெல்லாம் அப்புறம். ஆளை அனுப்புங்க." அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதாம். நம் சஹனாவைவிட ஒரு வயதுதான் பெரியவள்.